தனியாக வந்து சேர்ந்த விவரம்

என் அன்புக்கும், வருஷத்தில் இரண்டு முறை கோபத்துக்கும், எப்போதும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு, உங்கள் அக்காள் புருஷன் எழுதிக்கொள்வது. இங்கு நான், மகள், மருமகன், பேத்தி நால்வரும் நலம். அங்கு நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பதாக வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். யாருக்காவது தடுமன், காய்ச்சல் இருந்தால் இந்த இடத்தில் நான் வருத்தப்பட்டதாக எடுத்துக்கொள்ளவும்.

போனில் சொல்லக்கூடாதா, எதற்கு வேலை மெனக்கெட்டுக் கடிதம் என்று கேட்பீர்கள். என்னிடம் போன் இல்லை, மகள் போனில்தான் பேச வேண்டும், அவளும் பக்கத்து அறையில் இருப்பாள். இது அவள் காதில் விழக்கூடாத விஷயம். ஆகவே படித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடவும். முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், விசாரணையைப் பிறகு படித்துக்கொள்ளலாம். நான் ஜெயித்துவிட்டேன். வருகிற பதினெட்டாம் தேதி ஊருக்கு வருகிறேன். வந்து என் வீட்டில், என் கட்டிலில், என் இஷ்டப்படி இருக்கப் போகிறேன். சாவி உங்களிடம்தான் இருக்கிறது. இரண்டு நாள் முன்னதாகத் திறந்து, காற்றோட்டமாக வைத்து, யாரையாவது விட்டுக் கூட்டிப் பெருக்கச் சொல்லவும்.

எதில் ஜெயித்தேன் என்று சொல்லவில்லையே. உங்கள் அக்கா போய்ப் பத்து மாதம் ஆகிறது. அதில் கடைசி மூன்று மாதமாக நான் இந்தக் குளிர் தேசத்தில் இருக்கிறேன். சும்மா வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்றுதான் மகள் கூட்டிக்கொண்டு வந்தாள். போன மாதம் ஒரு நாள் சாப்பாட்டுக்கு நடுவில், "இனிமே அங்க தனியா இருக்க வேண்டாம்பா, வீட்டை வாடகைக்கு விட்டுடலாம், நீங்க இங்கேயே இருந்துடுங்க" என்றாள். எனக்கு என்ன கேடு, நான் தனியாக இருந்துகொள்வேன் என்றேன். அதற்கு அவள், "அம்மா இருந்தவரைக்கும் உங்க துண்டு எங்க இருக்குன்னு அம்மாதான் சொல்லணும். தனியா எதையாவது செஞ்சிருக்கீங்களா?" என்று கேட்டாள். மச்சான், முப்பத்தோரு வருஷம் ரயில்வே பார்சல் ஆபீசில் உட்கார்ந்தவன் நான். எடை போட்டு, இரண்டு பக்கமும் லேபிள் ஒட்டி, பதிவேட்டில் ஏற்றி நான் அனுப்பிய மூட்டை ஒன்றுகூட வழிதவறிப் போனதில்லை. என்னைப் பார்த்து இந்தக் கேள்வி. வாக்குவாதம் முற்றி, கடைசியில் பந்தயத்தில் வந்து நின்றது. மகன் சின்னவன் இருக்கிற ஊர் இங்கிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம், நடுவில் ஒரு வண்டி மாற வேண்டும். யார் உதவியும் இல்லாமல் நான் தனியாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டால், ஊரில் தனியாக இருப்பதைப் பற்றி அவள் வாயைத் திறக்க மாட்டாள். ஒரே ஒரு ஆள் உதவி செய்ததாகத் தெரிந்தாலும் நான் இங்கேயே தங்கிவிட வேண்டும், வீடு வாடகைக்குப் போய்விடும். மருமகன் சாட்சி.

பயணத்தன்று காலையில் அவளே ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தாள். ஏற்றிவிடுவது கணக்கில் சேராது என்று முன்பே பேசி முடித்திருந்தோம். ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டு இறங்குவாள் என்று பார்த்தால், எதிர் சீட்டில் கம்பளி நூல் பின்னிக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் குனிந்து இந்த ஊர் பாஷையில் என்னவோ சொல்கிறாள். பாஷை தெரியாவிட்டால் என்ன, பாவனை தெரியாதா. அது என்னுடைய வசனம் மச்சான். அவள் ஹாஸ்டலில் படித்த காலத்தில் ரயில் ஏற்றிவிடும்போதெல்லாம் எதிர் சீட்டுக்காரர்களிடம், "பொண்ணு தனியா போகுது, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சொல்லி ஒப்படைத்துவிட்டு வருவேன். அவள் மானம் போவதாகத் தலையைக் குனிந்துகொள்வாள். இத்தனை வருஷம் கழித்து வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். "என்னம்மா இது, யார்கிட்டயும் உதவி கேக்கக் கூடாதுன்னு நீதானே சொன்னே?" என்றேன். "நீங்க கேக்கலையேப்பா, நானில்ல கேட்டேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள்.

நம் பக்கம் இந்த வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று உங்களுக்கே தெரியும். "அதுக்கென்ன சார், நம்ம பொண்ணு மாதிரி" என்பார்கள், அடுத்த ஸ்டேஷனில் நம்ம பொண்ணை மறந்து இறங்கிப் போவார்கள். இங்கே அப்படி இல்லை. அந்தப் பின்னல் அம்மா ஊசி, நூல் உருண்டை எல்லாவற்றையும் பையில் போட்டு மூடி, இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு என்னையே பார்க்க ஆரம்பித்தார். உங்கள் அக்காவைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அப்பா என்னைப் பார்த்தாரே, அதைவிட உன்னிப்பாக. நான் ஜன்னல் பக்கம் திரும்பினால் அவரும் திரும்புகிறார். நான் இருமினால் தண்ணீர் பாட்டில் வருகிறது. என் சட்டைக்கு மேல் போட்டிருந்த குளிர்கோட்டின் ஜிப் பாதியில் நிற்பது அவருக்குப் பொறுக்கவில்லை, எழுந்து வந்து கழுத்துவரை இழுத்துவிட்டார். கழிவறைக்குப் போனேன், பின்னாலேயே வந்து கதவுக்கு வெளியே காவல் நின்றார். உள்ளே குழாய்ச் சத்தம் நின்று கொஞ்ச நேரம் ஆகிவிட்டால் கதவைத் தட்டுகிறார். ஒரு மனுஷன் நிம்மதியாக மூச்சுவிட வேண்டாமா.

இரண்டாவது மணி நேரத்தில் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து என் பக்கம் நீட்டினார். முதல் தடவை நீட்டினால் வேண்டாம் என்பதும், இரண்டாம் தடவை ஐயையோ வேண்டாம் என்பதும், மூன்றாம் தடவை வேறு வழியில்லாமல் எடுத்துக்கொள்வதும்தானே முறை. நல்ல பசி வேறு. இரண்டாம் தடவை, வயிறு நிறைந்திருக்கிறது என்பதற்கு அடையாளமாக வயிற்றைத் தட்டிக் காட்டி, முகத்தைக் கொஞ்சம் சுளித்தேன். அவ்வளவுதான், அவர் முகம் மாறிவிட்டது. டப்பாவைப் படக்கென்று மூடினார். எழுந்து நின்று பெட்டி முழுக்கக் கேட்கிற மாதிரி என்னவோ அறிவித்தார். பின் சீட்டிலிருந்து தோல் பையோடு ஒருவர் வேகமாக வந்தார். நாடி பிடித்தார், கண் இமையை இழுத்துப் பார்த்தார், வயிற்றில் நாலு இடத்தில் அமுக்கினார், அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லி என் பல்லை ரொம்ப நேரம் பார்த்தார். வயிற்று வலிக்குப் பல்லில் என்ன என்று எனக்குச் சந்தேகம். எல்லாம் முடிந்து அவர் கொடுத்த விலாச அட்டையில் ஒரு மாடும் ஒரு குதிரையும் வரைந்திருந்தார்கள். அவர் கொடுத்த மாத்திரை பெரிய நெல்லிக்காய் அளவு இருந்தது. வாயில் போடுவதுபோல் பாவனை செய்து கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

இந்த நேரம் பார்த்து டிக்கெட் பரிசோதகர் வந்தார். டிக்கெட்டை அவர் பார்க்கவே இல்லை. பின்னல் அம்மா, மாட்டு வைத்தியர், பரிசோதகர் மூவரும் என் தலைக்கு மேல் மாநாடு போட்டார்கள். பரிசோதகர் யாருக்கோ போன் செய்தார். பின்னல் அம்மாவும் ஓரமாகப் போய் யாருக்கோ போன் செய்தார். நான், "ஒண்ணும் இல்லீங்க, நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்" என்று தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாவம், வலியில் அனத்துகிறார் என்று நினைத்திருப்பார்கள், ஆளுக்கு ஒரு தோளைத் தடவிக்கொடுத்தார்கள்.

வண்டி மாறும் ஸ்டேஷனில் இறங்கினால் வாசலை ஒட்டிச் சக்கர நாற்காலி ஒன்று நிற்கிறது, சீருடை போட்ட ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நான் போக வேண்டிய வண்டி அதே பிளாட்பாரத்தில் எதிர்ப்பக்கம் நிற்கிறது மச்சான். எண்ணிப் பத்தே எட்டு வைத்தால் போதும். கையைக் காட்டினேன், நடந்து காட்டினேன், குதித்துக்கூடக் காட்டினேன். மூன்று பேர் சேர்ந்து என்னை உட்கார வைத்து, பெட்டியை மடியில் வைத்து, குறுக்கே வார் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சக்கர நாற்காலியில் ஏறியவரை முதலில் ஆபீசில் பதிய வேண்டும், பதிந்த பிறகுதான் வண்டி ஏற்ற வேண்டும் என்பது அங்கே விதி போலிருக்கிறது. லிப்டில் இறங்கினோம், சுரங்கப் பாதையில் போனோம், இன்னொரு லிப்டில் ஏறினோம், ஆபீசில் என் பெயரை எழுதினார்கள், நேரத்தை எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். கோபம் வர வேண்டிய இடம்தான். ஆனால் எழுதாமல் ஒரு மூட்டையையும் நகர்த்தக் கூடாது என்று முப்பத்தோரு வருஷம் கத்தினவன் நான், எந்த முகத்தோடு கோபப்படுவது. திரும்பி வந்து சேர்ந்தபோது என் வண்டி எங்கள் கண் முன்னால் மெதுவாகக் கிளம்பிப் போயிற்று. பத்து எட்டுத் தூரத்தைப் பதினோரு நிமிஷத்தில் கடந்து வண்டியை விட்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன்.

நாற்காலிக்காரர் அப்படியே தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டார். நெஞ்சில் கையை வைத்து என்னவோ சொன்னார். வண்டியைத் தவறவிட்ட பார்சலுக்கு முன்னால் நான் ஒரு நாளும் அப்படி நின்றதில்லை மச்சான். அடுத்த வண்டியில் போகும், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போ என்பதுதான் என் பதில். இவரைப் பார்த்ததும் எனக்கே சங்கடமாகிவிட்டது. வாரைக் கழற்றச் சொல்லி எழுந்து அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். என்னைத் தேற்ற வேண்டியவரை நான் தேற்ற வேண்டியதாகிவிட்டது.

அடுத்த வண்டிக்கு ஒரு மணி நேரம். காத்திருப்பு அறையில் என்னை உட்கார வைத்து, அங்கே இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களிடம் ஒப்படைத்துவிட்டு அவர் போனார். அந்தப் பெண்கள் கெட்டிக்காரிகள். அவர்கள் பாஷையில் பேசினால் தமிழில் திருப்பிச் சொல்லும் வித்தை அவர்கள் போனில் இருந்தது. அந்தப் போன் பேசிய தமிழை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். "ஐயா, தாங்கள் எவரால் கைவிடப்பட்டீர்?" என்றது. நான் கைவிடப்படவில்லை, கை மாற்றப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று விளக்கினேன். அப்புறம், "தங்கள் இல்லத்தில் எவர் உளர்?" என்றது. யாரும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அது பொய் மாதிரி பட்டது. காலையில் பேப்பர் போடுகிறவர் கேட்டில் நின்று தலைப்புச் செய்தியைச் சொல்லிவிட்டுத்தான் போவார். முக்கு இஸ்திரிக்காரர் நான் தாண்டும்போது ரேடியோ சத்தத்தைக் குறைத்து, "என்ன சார், இன்னிக்கு லேட்டு" என்பார். மாடி வீட்டுக்காரர் மகள் கணக்கு நோட்டோடு வந்து கணக்கைத் தவிர மற்றதெல்லாம் பேசுவாள். பதினோரு மணிக்கு நீங்கள் வருவீர்கள், பேப்பரில் நான் படிக்காத பக்கத்தை மடித்து வைத்துவிட்டுச் சண்டை போடுவீர்கள். எதிர் வீட்டுத் தையற்காரர் ஜன்னல் வழியாகவே எனக்காகவும் உங்களுக்காகவும் பஞ்சாயத்து பண்ணுவார். இதையெல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன். போன் கொஞ்ச நேரம் யோசித்து, "மொழிபெயர்க்க இயலவில்லை" என்றது. அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுபடி மெதுவாக ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்படியே பேச்சு உங்கள் அக்காவிடம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் கடைசி நாள் அவள் என்னிடம் மூக்குக்கண்ணாடிக் கூட்டை எங்கே வைத்தேன் என்று கேட்டது, எனக்குத் தெரியாமல் போனது, அது அவள் தலையணைக்கு அடியிலேயே இருந்தது எல்லாம் சொன்னேன். பத்து மாதமாக யாரிடமும் சொல்லாததை ஏன் அந்த இரண்டு பெண்களிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. திரும்பப் பார்க்கப் போவதில்லை என்ற தைரியமாக இருக்கலாம். ஒருத்தி போனை அணைத்துப் பைக்குள் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். அதுதான் எனக்குப் புரிந்தது.

வண்டி வந்ததும் அவர்களே உள்ளே ஏறி, சுவருக்கு வர்ணம் அடிக்கிற ஒரு பெரிய ஆளிடம் என்னை ஒப்படைத்தார்கள். பேன்டெல்லாம் வெள்ளையும் நீலமுமாகத் தெறித்திருந்தது, காலடியில் இரண்டு வாளி. அவர் ஒரு தலையசைப்பு அசைத்துவிட்டுத் தூங்கிவிட்டார். அப்பாடா, இனி நான் தனி ஆள் என்று எனக்குச் சந்தோஷம். சின்னவன் ஊர் வரும்போது, யார் வைத்த அலாரமோ, அந்த ஆள் துள்ளி எழுந்து ஒரு கையில் இரண்டு வாளியையும் இன்னொரு கையில் என் பெட்டியையும் தூக்கிக்கொண்டு முன்னால் இறங்கிவிட்டார். அவருக்கு இறங்க வேண்டிய இடம் இன்னும் மூன்று ஸ்டேஷன் தள்ளி என்பது பிறகுதான் தெரிந்தது. சின்னவன் வழக்கம்போல் இருபது நிமிஷம் தாமதம். அதுவரை அவர் என் பக்கத்திலேயே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். சின்னவன் ஓடி வந்து பெட்டியைப் பிடித்தால் அவர் விடவில்லை. அவன் முகத்தையும் என் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "ஏம்பா, யாருப்பா இவரு? நான் உங்க மகன்தான்னு ஆதாரம் கேக்குறாரு" என்றான் சின்னவன். அவன் போனில் குடும்பப் போட்டோவைத் தேடி எடுத்துக் காட்டின பிறகுதான் பெட்டி கைமாறிற்று. கையெழுத்து மட்டும்தான் வாங்கவில்லை. அவருடைய வண்டி போயே போய்விட்டது. அடுத்ததற்குக் காத்திருக்கப் போகிறேன் என்று கையைக் காட்டிச் சிரித்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருப்பா, பிள்ளை குட்டியோட நல்லா இரு" என்றேன். அவரும் அவர் பாஷையில் பதிலுக்கு நீளமாக என்னவோ சொன்னார். வர்ணம் காய்ந்த சொரசொரப்பான கை.

எரிச்சலாகத்தான் எழுதிக்கொண்டு வந்தேன், ஆனால் மனசு விட்டுச் சொன்னால் எனக்கு அவர்கள் மேல் கோபமே இல்லை. பெற்ற தகப்பனைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டார்கள். நன்றி என்பதற்கு இந்த ஊர் பாஷையில் என்ன வார்த்தை என்று மறுநாள்தான் சின்னவனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். தெரிந்து என்ன, சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் அவரவர் ஊரில் இறங்கிப் போய்விட்டார்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அன்று சாயங்காலமே சின்னவனை மிரட்டி அவன் அக்காவுக்குப் போன் போடச் சொன்னேன். "அப்பா தனியாவே வந்து சேந்துட்டாருக்கா, யாரும் ஒரு கை பிடிக்கல" என்றான். நன்றாகவே பொய் சொல்கிறான், கவலைப்பட வேண்டிய விஷயம்தான். அவள், "அப்படியா" என்றாள். அதோடு சரி. நாலு நாள் கழித்துச் சின்னவன் காரிலேயே கொண்டுவந்து விட்டான். அதன் பிறகு வாடகைப் பேச்சே இல்லை. ஆகவே தீர்ப்பு என் பக்கம். உதவி செய்தவர்கள் ஆறு பேரோ ஏழு பேரோ, அது உங்களுக்கும் எனக்கும் சின்னவனுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. எந்தக் காரணம் கொண்டும் மகளுக்குப் போகக் கூடாது. தெரிந்தால் என்னைக் கட்டிப்போட்டு இங்கேயே உட்கார வைத்துவிடுவாள், உங்கள் பேப்பரை நீங்களே தனியாகப் படித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

வீட்டில் தங்கச்சிக்கு என் விசாரிப்பு. உங்கள் பிள்ளைகள் படித்து, நல்ல வேலையில் அமர்ந்து, உங்களை இப்படிப் பந்தயம் கட்டிப் படுத்தாமல் இருக்க என் மனமார்ந்த ஆசீர்வாதம். இஸ்திரிக்காரரிடம் நான் வருவதைச் சொல்லவும். நம் வீட்டு வழக்கப்படி மகளும் இரண்டு வரி எழுதட்டும் என்று அடியில் இடம் விட்டிருக்கிறேன். உறை வாங்கி, விலாசம் எழுதி, ஒட்டித் தபாலில் சேர்ப்பதும் அவள்தான். அடுத்தவர் கடிதத்தைப் படிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
யார் தயவும் இல்லாமல் பயணம் போய் வந்த,
உங்கள் மச்சான்.

பி.கு: மாமா, நான்தான். ரெண்டு வரி எழுதும்மான்னு கடிதத்தைக் கையில குடுத்துட்டு அப்பா குளிக்கப் போயிருக்கார். பன்னெண்டு பக்கத்தையும் படிச்சிட்டேன். அவர் தோத்தது எனக்கு அன்னிக்கே தெரியும். பின்னல் அம்மாகிட்ட என் நம்பரைக் குடுத்திருந்தேன், மூணு தடவை கூப்பிட்டாங்க. மாட்டு டாக்டர்கிட்டயும் பேசினேன், பல்லு நல்லா இருக்குன்னார். தம்பி போன் பண்ணப்ப நான் 'அப்படியா'ன்னு மட்டும் கேட்டது அதனாலதான். வர்ற ஞாயித்துக்கிழமை எல்லாரும் சாப்பிட உக்காரும்போது போட்டு உடைச்சு, தோத்துட்டீங்க, இங்கேயே இருங்கன்னு சொல்றதா இருந்தேன். வீட்டுக்கு வாடகைக்கு ஆள்கூடப் பேசி வெச்சிருந்தேன்.

அம்மாவைப் பத்தி அவர் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல மாமா. அந்தக் கண்ணாடிக் கூடு விஷயம் இப்ப இதைப் படிச்சுத்தான் எனக்கே தெரியும். நானும் கேட்டதில்ல, அழுதுடுவாரோன்னு பயம். முன்னப் பின்ன தெரியாத ரெண்டு பொண்ணுங்க கேட்டிருக்காங்க. இங்க காலைல ஏழேகாலுக்கு நாங்க மூணு பேரும் கிளம்பினா, சாயங்காலம் ஆறரைக்குத்தான் வந்து கதவைத் திறக்கிறோம். என்னப்பா பண்ணீங்கன்னு கேட்டா, நல்லா ரெஸ்ட் எடுத்தேம்மான்னு சொல்வார். நானும் நம்பிட்டேன். அங்க தனியா கிடக்க வேண்டாம்னு கூட்டிட்டு வந்து, இங்கதான் மாமா அவரைத் தனியா விட்டு வெச்சிருக்கேன்.

வாடகைக்குக் கேட்டவர்கிட்ட இல்லைன்னு சொல்லிடறேன். பதினெட்டாம் தேதி வரட்டும், வீட்டைத் திறந்து வைங்க. கடிதத்தைக் கிழிச்சிடாதீங்க, எனக்கு வேணும்.

குளிச்சிட்டு வந்துட்டார். தலையைத் துவட்டிக்கிட்டே, ரெண்டு வரில என்ன எழுதினேன்னு கேக்குறார். எல்லாரும் சௌக்கியம்னு எழுதியிருக்கேன்னு சொல்லிட்டேன்.